தன்னைத் தாக்கும் பி செல்கள்: தவிர்க்க வேண்டிய தவறான முடிவுகள்

சிங்கப்பூரில் உடற்பரிசோதனை செய்துகொள்வோரில் சிலருக்கு ஏஎன்ஏ பரிசோதனையில் (சொந்தச் செல்களின் கருவைத் தாக்கும் எதிர்ப்பொருள்கள் இரத்தத்தில் உள்ளனவா என்று பார்ப்பது) 'பாசிட்டிவ்' என்று வரும்போது, அதை உடனே லூபஸ் (எதிர்ப்பு மண்டலம் உடலின் சொந்தத் திசுக்களையே தாக்கும் நோய்) என்று எடுத்துக்கொண்டு கலங்குவது முதல் தவறு. இரத்த மாதிரி 1:80 என்ற அளவுக்கு நீர்க்கப்பட்ட நிலையில் ஆரோக்கியமானவர்களிலும் ஏறத்தாழ 13 விழுக்காட்டினருக்கு அந்த முடிவு வரக்கூடும். நோய்க்குறிகளையும் மற்றப் பரிசோதனைகளையும் சேர்த்துப் பார்த்த பின்னரே மருத்துவர் முடிவு சொல்வார்.

இந்தக் கலக்கத்துக்கு அடியில், ஆரோக்கியமான உடலில் சொந்தத் திசுக்களைக் குறிவைக்கும் பி செல்களே (எதிர்ப்பொருள்களை உண்டாக்கும் வெள்ளை அணுக்கள்) இரா என்ற நம்பிக்கை இருக்கிறது. எலும்பு மஜ்ஜையில் பி செல் உருவாகும்போது அதன் ஏற்பிக்கான (அதாவது, கிருமிகளைப் பற்றும் மேற்பரப்புப் புரதத்துக்கான) மரபணுத் துண்டுகள் தற்செயலாக இணைவதால்தான், இதுவரை கண்டிராத கிருமியையும் அடையாளம் காணும் பன்மை நமக்குக் கிடைக்கிறது. அதே தற்செயல் சொந்த மூலக்கூறுகளைப் பற்றும் ஏற்பிகளையும் உண்டாக்கிவிடுகிறது. 2003இல் வெளியான ஓர் ஆய்வின்படி, மனித எலும்பு மஜ்ஜையின் தொடக்கநிலை பி செல்களில் 55 முதல் 75 விழுக்காடு இத்தகையவை. முதிர்ந்து இரத்தத்தில் உலவுபவற்றிலும் சுமார் 20 விழுக்காடு எஞ்சுகின்றன.

இவற்றை உடல் கொன்றே தீர்க்கிறது என்று நினைப்பதும் சரியன்று. சொந்த மூலக்கூறுகளை வலுவாகப் பற்றும் செல்லுக்கு முதலில் ஏற்பியின் ஒரு பகுதியை மாற்றி அமைத்துக்கொள்ளும் வாய்ப்புக் கிடைக்கிறது. அதுவும் கைகொடுக்காவிட்டால்தான் அது மடிகிறது. பலவீனமாகப் பற்றுபவை பல நேரங்களில் உயிரோடு விடப்பட்டாலும் தூண்டுதலுக்கு மசியாத முடங்கிய நிலையில் வைக்கப்படுகின்றன. அவை பிழைத்திருக்க பாஃப் என்ற புரதம் மற்ற பி செல்களைவிடக் கூடுதலாகத் தேவைப்படுவதால், போட்டியில் தோற்று விரைவில் மறைகின்றன. லூபஸ் நோயாளிகள் பலரிடம் அந்தப் புரதம் மிகுந்திருக்கிறது. 2011இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற பெலிமுமாப் மருந்து அதைத்தான் தடுக்கிறது. போதாக்குறைக்கு, கிருமியோடு போராடும் வேளையில் நிணநீர்க் கணுக்களில் நிகழும் மரபணு மாற்றங்களால் புதிய தன்னெதிர்ப்புச் செல்களும் தோன்றலாம் என்பதால், மஜ்ஜையில் நடக்கும் சோதனை ஒன்றே போதாது.

தன்னெதிர்ப்பு நோயை 'எதிர்ப்புச் சக்தி கூடிப்போனது' என்றோ 'குறைந்துபோனது' என்றோ ஒரே சொல்லில் அடக்குவது, என் பார்வையில், எல்லாவற்றிலும் அதிகம் குழப்பும் தவறு. எதிர்ப்பு மண்டலத்தின் ஓர் அங்கமான சி1க்யூ புரதம் பிறவியிலேயே இல்லாதவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு லூபஸ் போன்ற நோய் வருகிறது. இறந்த செல்களின் எச்சங்களை அகற்றும் பணி அங்கே தடைபடுவது இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. ஆகவே, கூடுதல், குறைவு என்ற கணக்கில் இந்நோயை அடக்க முடியாததால், எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுவதாக விற்கப்படும் பொடிகளையும் மூலிகை மாத்திரைகளையும், குறிப்பாக எக்கினேசியா என்ற மூலிகையை, மருத்துவரைக் கேளாமல் உட்கொள்ளக் கூடாது.

சில தன்னெதிர்ப்பு நோய்களுக்குத் தரப்படும் ரிட்டக்சிமாப் மருந்து தவறான பி செல்களை மட்டும் பொறுக்கி அழிக்கும் என்ற எண்ணமும் பிழையானது. அது சிடி20 என்ற அடையாளமுள்ள பி செல்கள் அனைத்தையும் குறிவைக்கிறது; எதிர்ப்பொருளைச் சுரக்கும் பிளாஸ்மா செல்களில் அந்த அடையாளம் இல்லாததால் அவை தப்பிவிடுகின்றன. எனவே சிகிச்சைக்குப் பின்னும் சில எதிர்ப்பொருள்கள் குறையாதிருக்கலாம். தடுப்பூசிகளும் பல மாதங்களுக்குச் சரியாகப் பலன் தராமல் போகலாம். மருந்தைத் தொடங்குமுன் ஹெப்பட்டைட்டிஸ் பி பரிசோதனையைச் செய்துகொண்டு, தேவையான தடுப்பூசிகளையும் மருத்துவர் சொல்லும் கால இடைவெளியில் முன்கூட்டியே போட்டுக்கொள்வது அவசியம்.