விந்து வந்தபின் சிறுநீர் எரிகிறதா?
விந்து வெளியேறியபின் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, அடக்கிவைக்காமல் சிறுநீர் கழித்துவிடுங்கள். ஆண்களுக்கு இரண்டும் வருவது ஒரே குழாய் வழியாகத்தான். தங்கிய மிச்சத்தைச் சிறுநீரே கழுவிக்கொண்டு போய்விடும். தண்ணீர் குடித்திருந்தால் சிறுநீர் நீர்த்து, எரிச்சலும் குறையும்.

ஓரிரு நாளில் அடங்காவிட்டால், அல்லது ஒவ்வொரு முறையும் வந்தால், இது போதாது. புராஸ்டேட் (சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி) வீக்கமோ பால்வினைத் தொற்றோ இருக்கலாம். சிறுநீரியல் மருத்துவரை (யூராலஜிஸ்ட்) பாருங்கள். சீழ், ரத்தம், விதையில் வலி இருந்தால் காத்திருக்கவே வேண்டாம். காய்ச்சலோடு குளிர்நடுக்கம், சிறுநீர் அடைப்பு என்றால் அன்றே போக வேண்டும். கூச்சம் வேண்டாம், அவர்கள் தினமும் கேட்கிற விஷயம்தான் இது. அப்புறம், வீட்டில் மிஞ்சிய ஆன்டிபயாடிக்கை நீங்களாகப் போட்டுக்கொள்ளாதீர்கள். சிறுநீர்ப் பரிசோதனையில் கிருமி பிடிபடாமல் போய்விடும்.