கல்லீரல் பயாப்ஸி: மறைக்கக் கூடாதவை, அவசரப்படக் கூடாதவை

ஈரலில் பயாப்ஸி, அதாவது ஊசியால் சின்னத் துணுக்கு சதை எடுத்துச் சோதிப்பது, எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதுமே புற்றுநோய்தான் என்று வீட்டில் முடிவு கட்டிவிடுகிறார்கள். அப்படி இருக்க வேண்டியதில்லை. ஈரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிபிடி என்ற ரத்தப் பரிசோதனை அளவு மாதக்கணக்கில் ஏறியே இருந்து காரணம் பிடிபடாதபோதும், உடலின் எதிர்ப்புச் சக்தியே ஈரலைத் தாக்குகிறதோ என்ற சந்தேகம் வரும்போதும், கொழுப்பு ஈரல் எவ்வளவு தூரம் தழும்பாகிவிட்டது என்று பார்க்கவும் இதை எடுக்கிறார்கள். ஊசியில்லாமல் வெளியிலிருந்தே ஈரலைப் பார்க்கும் ஃபைப்ரோஸ்கேன் போதாதா என்று கேட்பது நியாயமான கேள்வி, தாராளமாகக் கேளுங்கள். பலருக்கு அதுவே போதும். ஆனால் ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது, எவ்வளவு கொழுப்பு சேர்ந்திருக்கிறது என்பதைத்தான் அது காட்டும். ஏன் இறுகியது என்று சொல்லாது.

நான் மிகவும் கவலைப்படுவது மாத்திரை விஷயத்தில். ஈரல் நிறைய ரத்தம் ஓடும் உறுப்பு. அதனால்தான் ரத்தம் சரியாக உறைகிறதா என்று அறிய முன்கூட்டியே பிளேட்லெட், ஐஎன்ஆர் பரிசோதனையெல்லாம் பார்க்கிறார்கள். என்னென்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்டால் சுகர், பிரஷர் மாத்திரைகளை மட்டும் சொல்லிவிட்டு மற்றதை விட்டுவிடுகிறோம். மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக், மீன் எண்ணெய் கேப்ஸ்யூல், நாட்டு மருந்துக் கடைப் பொடி, லேகியம் எல்லாமே டாக்டருக்குத் தெரிய வேண்டும். வீட்டிலுள்ள அட்டைகளையும் டப்பாக்களையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போய்க் காட்டிவிடுவது நல்லது. திட்டுவாரோ என்று நாட்டு மருந்தை மறைக்காதீர்கள். சில சமயம் ஈரல் கெட்டதற்குக் காரணமே அதுவாக இருக்கலாம்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்றவற்றைத் தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு இது உயிருக்கே ஆபத்து. எதை எத்தனை நாள் நிறுத்துவது, எப்போது திரும்பத் தொடங்குவது என்பதை இதய டாக்டரும் ஈரல் டாக்டரும் பேசி முடிவு செய்யட்டும்.

ஊசி போகும் நேரம் சில நொடிகள்தான். பெரும்பாலும் வலது பக்க விலா எலும்புகளுக்கு நடுவே, அல்ட்ராசவுண்டில் இடம் பார்த்து, மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு எடுப்பார்கள். அப்போது மூச்சை அடக்கச் சொல்வார்கள். மூச்சு விட்டால் ஈரலும் கூடவே மேலும் கீழும் நகரும் என்பதால் அந்த நொடியில் இருமவோ அசையவோ கூடாது. முந்தின நாளே படுத்தபடி மூச்சை அடக்கிப் பழகிக்கொள்ளுங்கள். வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கும் ரத்தம் சரியாக உறையாதவர்களுக்கும் கழுத்து ரத்தக்குழாய் வழியாக எடுக்கும் முறை இருக்கிறது.

எடுத்த பிறகு வலது தோளில் வலி வரலாம். ஊசி குத்தியது விலாவில், தோள் ஏன் வலிக்கிறது என்று பயந்துபோவார்கள். ஈரலுக்கு மேலுள்ள உதரவிதானம் (மூச்சு விட உதவும் தசை) உறுத்தப்பட்டால் வலி தோளில் தெரியும். லேசாக இருந்தால் இது வழக்கமானதே. அதற்காகப் பொறுத்துக்கொண்டு சும்மா கிடப்பதும் தவறு. வலி கூடிக்கொண்டே போனால், தலை சுற்றினால், வியர்த்துக் கொட்டினால், வயிறு உப்பினால், மூச்சு வாங்கினால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். கடுமையான ரத்தக்கசிவு அரிது. வந்தால் பெரும்பாலும் முதல் சில மணி நேரத்திலேயே தெரிந்துவிடும். படுக்கவைத்து அடிக்கடி பிரஷரும் நாடியும் பார்ப்பது அதற்காகத்தான். வலிக்கு டாக்டர் சொன்னதைத் தவிர எந்த மாத்திரையும் வேண்டாம்.

வெளியூரிலிருந்து வருபவர்கள் அன்று மாலையே பஸ் பிடித்து ஊர் திரும்பப் பார்க்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். நள்ளிரவில் வழியில் எங்கோ மயக்கம் வந்தால் என்ன செய்வது? அன்று ராத்திரி ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே, துணைக்கு ஆளோடு தங்குங்கள். தண்ணீர்க் குடம், சிலிண்டர் தூக்குவதையெல்லாம் டாக்டர் சொல்லும் வரை தள்ளிப்போடுங்கள். காய்ச்சல் வந்தாலோ, மலம் தார் போலக் கறுத்துப் போனாலோ, கண் மஞ்சளானாலோ அவசரப் பிரிவுக்கே போய்விடுங்கள்.

ரிப்போர்ட் வர சில நாள் ஆகும். அதில் எஃப்3 என்று இருந்தால் புற்றுநோயின் மூன்றாம் கட்டம் என்று கூகுளில் தேடி நடுங்க வேண்டாம். எஃப்0 முதல் எஃப்4 வரை தழும்பின் அளவு. எஃப்4 என்றால் சிரோசிஸ், அதாவது ஈரல் முழுக்கத் தழும்பேறி இறுகிய நிலை. ரிப்போர்ட்டோடு, எடுத்த சதையை வைத்த கண்ணாடி ஸ்லைடும் மீதிச் சதையைப் பதித்த மெழுகு பிளாக்கும் எங்கே இருக்கின்றன என்று லேபில் கேட்டு வையுங்கள். வேறு டாக்டரிடம் இரண்டாவது கருத்து கேட்கப் போனால், அவற்றை வைத்தே பார்க்கலாம், பெரும்பாலும் மறுபடி ஊசி குத்த வேண்டியிருக்காது.