பூச்சுக்குள் மறையும் வேலையை வீடியோவாக்குவது: பழைய மொபைல் போதும்

பாத்ரூம் வேலை எடுத்துச் செய்யும் சிறிய தொழில் எங்களுடையது. பளபளக்கும் புது டைல்ஸை எல்லோரும் படம் எடுத்துப் போடுகிறார்கள். ஆனால் வீட்டுக்காரர் பயப்படுவது டைல்ஸுக்குப் பின்னால் இருக்கும் குழாயையும், தரைக்கு அடியில் அடிக்கும் வாட்டர்புரூஃபிங்கையும் நினைத்துத்தான். அவை சீக்கிரமே மூடப்பட்டுவிடும். கேமரா முதலில் பார்க்க வேண்டியது அவற்றைத்தான்.

முதலில் வீட்டுக்காரரிடம் அனுமதி வாங்குங்கள், வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுத்தில் வந்தால் போதும். கொத்தனார், சித்தாள் எல்லோரிடமும் கேளுங்கள். முகம் வர வேண்டாம் என்றால் அவர்கள் நிற்கும் பக்கத்தை விட்டு எடுங்கள்.

1. மொபைலை எங்கே வைப்பது

தரையில் டிரைபாட் வேண்டவே வேண்டாம். சாந்துச் சட்டி தூக்கி வருபவர் காலில் தட்டும். வென்டிலேட்டர் ஓட்டையில் கண்ணாடி மாட்டுவதற்கு முன்னால் அங்கே மொபைலை வைத்தால் தரையும் மூன்று சுவரும் தெரியும். சின்ன பாத்ரூம் என்றால், மொபைலில் அல்ட்ரா வைடு லென்ஸ் (அதிக இடத்தை ஒரே படத்தில் காட்டுவது) இருந்தால் அதையே போடுங்கள். வென்டிலேட்டர் இல்லையென்றால் கதவு நிலையில் கிளாம்ப் போட்டு மாட்டுங்கள். டைல் வெட்டுவதை வெளியே வைத்துக்கொள்ளுங்கள், தூசி லென்ஸில் படியாது.

2. எத்தனை நொடிக்கு ஒரு படம்

நாள் முழுக்க நடக்கும் வேலையைச் சில நொடியில் ஓட்டிக் காட்டும் வீடியோதான் டைம்லாப்ஸ். மொபைலிலேயே வரும் டைம்லாப்ஸ் எனக்குப் பிடிப்பதில்லை. நடுவில் சார்ஜ் தீர்ந்தால் அந்த ஒரே ஃபைல் கெட்டுப்போகலாம். தனித்தனிப் படங்களாக எடுத்தால் அதுவரை எடுத்தது பத்திரம். ஆண்ட்ராய்டில் இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன் கேமரா ஆப்பில் குறித்த இடைவெளியில் தானாகப் படமெடுக்கும் "ரிப்பீட்" வசதி இருக்கிறது.

கணக்கு எளிது. எட்டு மணி நேரம் என்றால் 28,800 நொடி. 30 நொடிக்கு ஒரு படம் என்றால் 960 படம். நொடிக்கு 25 படமாக ஓட்டினால் 38 நொடி வீடியோ. டைல்ஸ் ஒட்டுவதற்கு இது சரி. வாட்டர்புரூஃபிங் கோட் அடிப்பது சீக்கிரம் முடிந்துவிடும், அதற்கு 5 நொடி வையுங்கள்.

3. பட்டை பட்டையாகத் தெரிவதை நிறுத்துவது

பெரும்பாலானோர் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். சைட்டில் எல்.இ.டி ஃபோகஸ் லைட் போட்டு எடுத்தால் படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டைகள் வரும், வீடியோவில் அவை மேலும் கீழும் ஓடும். மொபைல் பழுதாகிவிட்டது என்றே தோன்றும். காரணம் கரண்ட்.

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் மலிவான எல்.இ.டி விளக்கு நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். கண்ணுக்குத் தெரியாது. மொபைல் சென்சார் படத்தை வரிவரியாகப் படிப்பதால், ஷட்டர் வேகம் அதிகமாக இருந்தால் (ஒளி பிடிக்கும் நேரம் குறைவாக இருந்தால்) சில வரிகள் விளக்கு மங்கும் நேரத்தில் மாட்டும். தீர்வு: ஷட்டரை 1/100 அல்லது 1/50 நொடி என்று நிறுத்திவிடுங்கள். ஓப்பன் கேமராவின் அமைப்புகளில் "கேமரா2 ஏபிஐ" தேர்ந்தெடுத்தால் இந்த வசதி வரும். எல்லா மொபைலிலும் வராது. வராவிட்டால் லைட்டைத்தான் மாற்ற வேண்டும், அல்லது வெயில் வெளிச்சத்தில் எடுக்க வேண்டும். வெயிலில் இந்தத் தொல்லை இல்லை.

அப்புறம் ஃபோகஸ் (தெளிவு), எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) மூன்றையும் லாக் செய்யுங்கள். ஆட்டோவில் விட்டால் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் குறுக்கே போகும்போதெல்லாம் படம் இருண்டு வெளுக்கும். சேர்த்து ஓட்டும்போது அது மினுக் மினுக் என்று கண்ணை உறுத்தும்.

4. கையில் பிடித்து எடுக்க வேண்டியவை

டைம்லாப்ஸ் விளம்பரத்துக்கு நல்லது. ஆதாரத்துக்கு இவைதான்:

காடி வெட்டிக் குழாய் பதித்ததும், பூசுவதற்கு முன், டேப்பைச் சுவர் மூலையில் பிடித்து அளவை வாய்விட்டுச் சொல்லியபடி எடுங்கள்: "இடது மூலையிலிருந்து இத்தனை அங்குலம், தரையிலிருந்து இத்தனை." பின்னாளில் டவல் ராடு மாட்டத் துளை போடுபவர் இந்த வீடியோவைப் பார்த்தால் குழாய் தப்பும். எங்கள் வேலையில் இதைவிடப் பயனுள்ள ஒரு நிமிடம் வேறில்லை.

குழாயில் அழுத்தம் ஏற்றிக் கசிவு பார்க்கும் பிரஷர் டெஸ்ட் செய்யும்போது மீட்டர் முள்ளைத் தொடக்கத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை, நேரம் தெரிய எடுங்கள். தாழ்த்திப் போட்ட பாத்ரூம் தளத்தில் தண்ணீர் தேக்கி வைத்துச் சோதிக்கும்போது சுவரில் மார்க்கரால் மட்டக் கோடு போட்டு, அந்தக் கோட்டைப் படமெடுங்கள். கீழ்வீட்டு மேற்கூரையையும் சேர்த்து எடுப்பது நல்லது.

5. சேர்ப்பது

படங்களை வீடியோவாகச் சேர்க்கக் கணினியில் கேடன்லைவ் (Kdenlive) என்ற எடிட்டிங் மென்பொருள். இலவசம், ஒரு ஃபோல்டரின் படங்களை அப்படியே ஒரே கிளிப்பாக எடுத்துக்கொள்ளும். பாட்டு சேர்க்காதீர்கள், மேஸ்திரி விளக்கும் குரல் போதும்.

பிற்சேர்க்கை

பவர் பேங்க் நடுவில் அணைந்துவிடுகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். மொபைல் முழு சார்ஜ் ஆனதும் இழுக்கும் கரண்ட் குறைவதால் சில பவர் பேங்குகள் தாமாக நின்றுவிடும். மொபைலைப் பாதி சார்ஜில் தொடங்குங்கள், இல்லையென்றால் சுவர் பிளக்கில் போடுங்கள்.

போன் வந்து படம் நின்றுவிட்டது என்றார் இன்னொருவர். ஏரோப்ளேன் மோடு.

வீட்டுக்காரருக்கு அனுப்பியது மங்கலாக இருக்கிறது என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், டேப்பில் உள்ள எண் படிக்க வராது. டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். ஒரு பிரதி உங்களிடமும் வீட்டுக்காரர் பெயரில் தனி ஃபோல்டரில் இருக்கட்டும்.