குழுவிலிருந்து விலகித் தனியே பாடப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

1988ஆம் ஆண்டு, சான் பிரான்சிஸ்கோவில் ஒரு நீதிமன்றம். சாட்சிக் கூண்டில் அமெரிக்க ராக் பாடகர் ஜான் ஃபோகர்டி கிட்டாரோடு உட்கார்ந்திருக்கிறார். தன் பாட்டைத் தானே நகலெடுத்தார் என்பதுதான் வழக்கு. 1984 இறுதியில் அவர் தனியாக வெளியிட்ட 'தி ஓல்ட் மேன் டவுன் தி ரோட்', தன் பழைய குழுவான கிரீடென்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவலுக்காக 1970இல் அவரே எழுதிய பாட்டைப் போலவே இருக்கிறதாம். பழைய பாட்டின் உரிமை ஃபேன்டஸி என்ற இசைத்தட்டு நிறுவனத்திடம் இருந்தது. தன் பாட்டுகள் எப்படி உருவாகின்றன என்று ஜூரியின் முன்னால் வாசித்தே காட்டினார், ஜெயித்தார். ஆனால் வக்கீல் செலவைத் திரும்பக் கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார்; அங்கே தீர்ப்பு வர 1994 ஆகிவிட்டது.

இந்தத் துன்பத்தின் வேர் அந்த நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் இளவயதில் போட்ட ஒரு கையெழுத்து. 1972இல் குழு கலைந்தபோதும், பாடி எழுதிய ஃபோகர்டியை நிறுவனம் விடவில்லை. பழைய பாட்டுகளின் ராயல்டியை விட்டுக்கொடுத்துத்தான் அவர் வெளியே வர முடிந்தது. ஆகவே, விலகுவதாக நண்பர்களிடம் சொல்வதற்கு முன்பே ஒப்பந்தத்தை வக்கீலிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். குழு கலைந்தாலும் தனி ஆளாக நீங்கள் கட்டுப்பட்டவரா, பாட்டுகளின் உரிமை யார் பெயரில் இருக்கிறது என்ற இரண்டையும் அவசியம் கேளுங்கள். மனக்கசப்பில் இருக்கும்போது எதையும் எழுதிக் கொடுக்காதீர்கள்.

அடுத்தது பெயர். 1985இல் பிங்க் ஃபிளாய்ட் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவை விட்டு விலகிய ரோஜர் வாட்டர்ஸ், தான் இல்லாமல் அந்தப் பெயர் செல்லாது என்று நம்பி வழக்குப் போட்டார். மற்றவர்கள் அதே பெயரில் 1987இல் ஆல்பம் வெளியிட்டு உலகம் சுற்றினார்கள். வழக்குப் போட்டது தவறுதான் என்று பல ஆண்டுகள் கழித்து அவரே ஒப்புக்கொண்டார். ரசிகர்கள் நெஞ்சில் பதிவது பெரும்பாலும் குழுவின் பெயர்தான்; உங்கள் பெயரை அவர்களிடம் புதிதாகத்தான் கொண்டுசேர்க்க வேண்டும்.

எல்லா வாத்தியத்தையும் தானே வாசிக்கும் ஆசையும் வரும். ஃபோகர்டியும் அப்படிச் செய்தார். அது அவருக்குக் கைகூடியது, எல்லோருக்கும் கூடாது. குழுவில் 'இது சரியில்லை' என்று முகத்துக்கு நேராகச் சொல்ல ஆள் இருந்தார்கள். அந்த இடத்தைக் காலியாக விடக்கூடாது. 'தி போலீஸ்' என்ற ராக் குழுவில் பாடிவந்த ஸ்டிங் தன் முதல் தனி ஆல்பத்துக்கு, 1985இல், பிரான்ஃபர்ட் மார்சாலிஸ் போன்ற ஜாஸ் கலைஞர்களைச் சேர்த்துக்கொண்டார். பழைய குழுவைப் போலவே ஒலிக்கும் ஆட்களைத் தேடாமல், வேறு பழக்கம் உள்ள கைகளைத் தேடினார். எனக்கு அந்த வழிதான் சரியென்று படுகிறது.

என் மனதை அதிகம் வருத்துவது கடைசித் தவறு: பழைய பாட்டுகளையே வெறுத்து ஒதுக்குவது. உரிமை கைவிட்டுப் போன கோபத்தில் ஃபோகர்டி பல ஆண்டுகள் கிரீடென்ஸ் பாட்டுகளை மேடையில் பாடவே இல்லை. அவற்றைக் கேட்க வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். நீ பாடாவிட்டால் உன் 'ப்ரவுட் மேரி'யை, அதைத் தானும் பாடிய டினா டர்னரின் பாட்டு என்றே உலகம் நினைத்துக்கொள்ளும் என்று 1987இல் பாடகர் பாப் டிலன் அவரிடம் சொன்னாராம். அதே ஆண்டு ஜூலை 4 அன்று, வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கான நிகழ்ச்சியில் அவர் அந்தப் பாட்டுகளை மீண்டும் பாடினார். அவற்றின் வெளியீட்டு உரிமையில் பெரும்பங்கு அவர் கைக்குத் திரும்பியது 2023இல். அப்போது அவருக்கு வயது 77.