உப்புக்காற்றில் சைக்கிள் பயணம்: போன் வாங்குவதா, டேப்லெட் வாங்குவதா?

தொண்டியில் சைக்கிளை எடுத்தால் தேவிபட்டினம், ராமநாதபுரம், மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் தாண்டி, தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை போய்ச்சேர 120 கிலோமீட்டருக்கு மேல் வரும். புதிதாகப் பயணம் போகிறவர்கள் மூன்று நாளில் நிதானமாக முடித்துவிடலாம். வழியெல்லாம் பனையும் சீமைக்கருவேலமும்தான், நிழல் கம்மி. ராமேஸ்வரம் தாண்டியதும் இரண்டு பக்கமும் கடல். வெயில், உப்பு, மணல், காற்று நான்கும் சேர்ந்து படுத்துகிற இந்தப் பாதைக்குப் போன் வாங்கும்போது, கடையில் முதலில் சொல்லும் பிராசஸரையும் கேமரா மெகாபிக்சலையும் கடைசிக்குத் தள்ளுங்கள். முதலில் பார்க்கவேண்டியது திரையின் வெளிச்சம், சார்ஜிங் போர்ட், பேட்டரி.

படி 1: எது கைப்பிடியில், எது பையில்?

வாங்குவதற்கு முன்னால் வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஓட்டும்போது தேவைப்படுவது வழி காட்டும் மேப் மட்டும். ராத்திரி தங்குமிடத்தில் தேவைப்படுவது படம் பார்ப்பது, எழுதுவது, மறுநாள் ரூட் போடுவது. முதல் வேலைக்கு 6.5 அங்குலப் போன் தாராளம். இரண்டாவது வேலை நிறைய இருப்பவருக்கு மட்டும்தான் டேப்.

டேப்பை ஹேண்டில்பாரில் மாட்டவேண்டாம். 8 அங்குல டேப் ஒன்று 320 முதல் 370 கிராம் இருக்கும். ஹோல்டரும் சேர்ந்தால் அரைக் கிலோவைத் தொடும். அத்தனை எடையும் ஹேண்டில்பாருக்கு மேலே நிற்பதால் ஒவ்வொரு பள்ளத்திலும் ஹோல்டர் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டே போகும். பாம்பன் பாலம் 2 கிலோமீட்டருக்கு மேல் நீளம், பக்கவாட்டில் காற்று அறையும் இடம். அங்கே டேப் ஒரு சின்னப் பாய்மரம் மாதிரி காற்றை வாங்கி ஹேண்டிலை இழுக்கும். கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் இது விளையாட்டல்ல.

வீட்டில் பழைய போன் ஒன்று சும்மா கிடந்தால் இன்னும் நல்லது. அதைக் கைப்பிடியில் மேப்புக்கு வைத்துக்கொண்டு, பணம், டிக்கெட், அழைப்பு எல்லாம் இருக்கும் நல்ல போனைப் பைக்குள் வைத்துவிடலாம். புதிதாக எதையும் வாங்காமலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

படி 2: திரையை வெயிலில் பாருங்கள்

கடைக்குள் டியூப்லைட்டில் எல்லாத் திரையும் அழகாகத்தான் இருக்கும். மத்தியானம் 12 மணிக்குப் போங்கள். கடைக்காரரிடம் சொல்லிவிட்டுப் போனை வாசலுக்கு எடுத்துவாருங்கள். பிரைட்னஸை முழுசாக ஏற்றி, மேப்பைத் திறந்து, கையை நீட்டிப் பிடியுங்கள். ஹேண்டில்பார் தூரம் அதுதான். மேப்பில் மெல்லிய சாம்பல் கோடாக இருக்கும் ஊர்ச்சாலை கண்ணில் படுகிறதா? பட்டால் அந்தத் திரை போதும்.

எண்ணில் சொன்னால் (திரை வெளிச்சத்தின் அளவு நிட்ஸ்), வெயிலில் 800 நிட்ஸுக்குக் கீழே எடுக்கவேண்டாம், 1000-க்கு மேல் இருந்தால் நிம்மதி. விலை குறைந்த டேப்கள் பல 400 நிட்ஸ் அளவிலேயே நின்றுவிடுகின்றன. அவற்றை வெளியில் திறந்தால் உங்கள் முகம்தான் தெரியும். போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போடுபவர்கள் அதைப் போட்டுக்கொண்டே பாருங்கள். சில திரைகள் ஒரு கோணத்தில் அப்படியே இருண்டுபோகும். நிமிர்த்தியும் படுக்கவைத்தும் இரண்டு வாட்டமும் பார்த்துவிடுங்கள்.

படி 3: ஜிபிஎஸ் உண்டா?

போனில் இந்தக் கேள்வியே இல்லை. டேப்பில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சிம் போட இடமில்லாத வைஃபை டேப்கள் பலவற்றில் ஜிபிஎஸ் சிப்பே கிடையாது. ஐபேடிலும் வைஃபை மாடலில் இல்லை, செல்லுலார் மாடலில் மட்டும்தான் உண்டு. வீட்டில் அது இடத்தைச் சரியாகக் காட்டுவது பக்கத்து வைஃபைகளை வைத்து. வாலிநோக்கம் உப்பளப் பக்கம் போனால் எந்த வைஃபை இருக்கிறது? நீலப்புள்ளி நின்ற இடத்திலேயே நிற்கும்.

படி 4: தண்ணீரைவிட உப்பு மோசம்

ஐபி68 என்று (தூசியையும் தண்ணீரையும் எவ்வளவு தாங்கும் என்பதற்கான குறியீடு) பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்துக் கடலில் முக்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். ஐபி67 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். ஐபி68 அதற்கு மேல், எவ்வளவு என்பதை நிறுவனமே சொல்லும். இரண்டும் நல்ல தண்ணீரில் செய்யும் சோதனை. உப்புத்தண்ணீருக்கு அந்த எண் பேசாது, தண்ணீரால் வந்த கோளாறுக்குப் பொதுவாக வாரண்டியும் கிடைக்காது. ஐபி64 உள்ள போன் மழைச் சாரலுக்குப் போதும்.

உண்மையான எதிரி அலையல்ல, காற்றோடு வரும் உப்பு. அரிச்சல்முனையில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு வந்து யூஎஸ்பி-சி போர்ட்டின் வாயை வெளிச்சத்தில் பாருங்கள். உலோக விளிம்பில் மெல்லிய வெள்ளைப் படலம் பூத்திருக்கும், விரல் வைத்தால் பிசுபிசுக்கும். அந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அந்த ஈரத்தோடு சார்ஜரைச் செருகினால் மின்சாரம் பாய்ந்து உள்ளேயுள்ள பின்கள் அரித்துக் கறுத்துவிடும். பிறகு கேபிளை ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்தால்தான் சார்ஜ் ஏறும் நிலை வரும். ஆகவே ராத்திரி சார்ஜ் போடுவதற்கு முன்னால் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள்:

1. போனை அணைத்துவிட்டு, கேஸைக் கழற்றுங்கள். கேஸுக்கும் போனுக்கும் நடுவில் மணல் இருக்கும், அதைத் தட்டிவிடுங்கள்.
2. போர்ட் கீழே பார்க்கும்படி பிடித்து, காய்ந்த மென்மையான டூத்பிரஷ்ஷால் நான்கைந்து முறை தட்டுங்கள். வாயால் ஊதவேண்டாம், எச்சில் ஈரம் உள்ளே போகும்.
3. நல்ல தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் திரையையும் பின்பக்கத்தையும் துடைத்து, காய்ந்த துணியால் மறுபடி துடையுங்கள். மணல் போகாமல் திரையைத் தேய்த்தால் கீறல் நிச்சயம்.
4. அரை மணி நேரம் ஃபேன் காற்றில் வைத்து, பிறகு சார்ஜ் போடுங்கள்.

ஊசி, பின் எதையும் போர்ட்டுக்குள் விடவேண்டாம். ரப்பர் மூடி வாங்கி மாட்டலாம், ஆனால் உள்ளே ஈரமிருக்கும்போது மூடினால் உப்பை அடைத்து வைத்த மாதிரி. காந்தத்தில் ஒட்டும் சார்ஜிங் கேபிள்கள் வசதிதான் என்றாலும் அவற்றின் தொடுபுள்ளிகள் வெளியே திறந்து கிடப்பதால் இந்தக் கரைக்கு ஆகாது. வயர்லெஸ் சார்ஜிங் உள்ள போன் கட்டுப்படியானால் வாங்குங்கள். போர்ட் ஈரமாகி 'ஈரம் உள்ளது' என்று போன் மறுக்கும் அன்றைக்கு அது கைகொடுக்கும்.

போன் கடலில் விழுந்தே விட்டதா? உடனே அணையுங்கள். ஐபி68 போனாக இருந்தால் நல்ல தண்ணீரில் மெதுவாக அலசி, துடைத்து, காற்றோட்டத்தில் வையுங்கள். அரிசிக்குள் புதைப்பது வேண்டாம், தூசியும் குருணையும் போர்ட்டுக்குள் போவதுதான் மிச்சம். காய்ந்துவிட்டது என்று உறுதியாகும்வரை சார்ஜர் பக்கமே போகாதீர்கள்.

படி 5: சூடு

போன்கள் பொதுவாக 35 டிகிரி செல்சியஸ் வரையுள்ள வெப்பத்துக்குத்தான் வடிவமைக்கப்படுகின்றன. சித்திரை, வைகாசி வெயிலில் கைப்பிடியில் இருக்கும் போன் அதை எளிதாகத் தாண்டும். முதலில் திரை தானாக மங்கும், அடுத்து சார்ஜ் ஏறாமல் நிற்கும், கடைசியில் போன் அணையும். பிளாஸ்டிக் வாட்டர்ப்ரூஃப் உறை போட்டால் சூடு இன்னும் வேகமாக ஏறும், ஆகவே மழைக்கு மட்டும் போடுங்கள். டீக்கடையில் நிற்கும்போது போனையும் கழற்றி நிழலுக்குக் கொண்டுபோங்கள். சூடான போனை ஐஸ் தண்ணீர் பாட்டிலோடு ஒட்டி வைக்கவேண்டாம், உள்ளே வியர்த்துவிடும்.

படி 6: பேட்டரிக் கணக்கு

மில்லியாம்ப்-மணி (எம்ஏஎச்) எண்ணை அப்படியே வகுத்தால் கணக்குத் தப்பும். 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் என்பது 3.7 வோல்ட்டில் 74 வாட்-மணி. மாற்றும்போது வீணாவது போகக் கைக்கு வருவது சுமார் 60. 5,000 எம்ஏஎச் போனின் பேட்டரி சுமார் 19 வாட்-மணி, ஆக மூன்று முறை நிரப்பலாம். 8,000 எம்ஏஎச் டேப் 30 வாட்-மணி கேட்கும், இரண்டு முறையோடு பவர் பேங்க் காலி. அதாவது போன் மட்டும் வைத்திருப்பவர் மூன்று நாள் பிளக்கே தேடாமல் போகலாம். டேப்பும் வைத்திருப்பவருக்குத் தினமும் ராத்திரி ஒரு சுவிட்ச் போர்டு வேண்டும். தனுஷ்கோடிக் குடிசைக் கடைகளில் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று நம்பிப் போகாதீர்கள்.

பவர் பேங்க்கில் எத்தனை வாட் உள்ளே வாங்கும் என்பதையும் படியுங்கள். 10 வாட் வாங்குவது நிரம்ப ஒரு ராத்திரி முழுசும் ஆகும், 18 வாட் வாங்குவது ஐந்தாறு மணி நேரத்தில் முடியும். சார்ஜரும் அதே அளவு கொடுக்கவேண்டும்.

திரையை முழு வெளிச்சத்தில் எரியவிட்டே ஓட்டினால் ஐந்தாறு மணி நேரத்தில் பேட்டரி தீரும். அதற்குத் தேவையுமில்லை. ராமநாதபுரத்திலிருந்து தனுஷ்கோடி வரை ஏறக்குறைய ஒரே ரோடு, திரையை அணைத்துக் குரல் வழிகாட்டலை மட்டும் வையுங்கள். இந்தப் பாதையை விட்டு விலகி, கீழக்கரை, ஏர்வாடி, மூக்கையூர் பக்கம் கடலோரச் சந்துகளில் நுழையும்போது மட்டும் திரையைப் போட்டால் போதும்.

படி 7: மாட்டும் விதம்

நான்கு மூலையையும் பிடிக்கும் உலோக ஹோல்டர், அதிர்வைத் தாங்கும் ரப்பர் அடுக்கோடு. கேமராவில் ஓஐஎஸ் (கை நடுக்கத்தைச் சமன்செய்யும் பாகம்) இருந்தால் இந்த ரப்பர் அவசியம். மோட்டார் சைக்கிள் எஞ்சின் அதிர்வு ஐபோன் கேமராவின் இந்தப் பாகத்தைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-இல் எச்சரித்தது. சைக்கிளில் எஞ்சின் இல்லாவிட்டாலும் ஜல்லி பெயர்ந்த ரோடு இருக்கிறது. விலையுயர்ந்த கேமராப் போனைப் பையில் வைக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஹோல்டரின் ஸ்க்ரூவில் துரு ஏறும், கிளம்பும் முன் ஒரு துளி எண்ணெய் தொட்டுவையுங்கள்.

படி 8: மேப்பும் சிம்மும்

கூகுள் மேப்ஸை ஆஃப்லைனில் இறக்கினால் கார் வழிதான் காட்டும், சைக்கிள் வழி, நடை வழி நெட் இல்லாமல் வராது. நெட் இல்லாமலே வழி காட்டும் ஆப்களான ஆர்கானிக் மேப்ஸ் அல்லது ஓஸ்மாண்டில் தமிழ்நாடு மேப்பை வீட்டு வைஃபையிலேயே இறக்கி, ஏரோப்ளேன் மோடில் போட்டு ஒரு ரூட் கேட்டுப் பாருங்கள். ஓஸ்மாண்டில் வால்யூம் பட்டனால் மேப்பைப் பெரிதாக்கும் அமைப்பு உண்டு. வேர்வையோ மழைத்துளியோ திரையில் விழுந்து தொடுதல் தாறுமாறாக வேலை செய்யும்போது அது காப்பாற்றும்.

இரண்டு வெவ்வேறு கம்பெனி சிம் வைத்துக்கொள்ளுங்கள். தனுஷ்கோடியிலிருந்து இலங்கையின் தலைமன்னார் கடல்வழியே 30 கிலோமீட்டர் அளவுதான், அந்தப் பக்கத்து நெட்வொர்க்கைப் போன் பிடிப்பதுண்டு. இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம் என்பதால் கடிகாரம் மாறி உங்களை எச்சரிக்காது. ராமேஸ்வரத்தில் கிளம்பும்போதே டேட்டா ரோமிங்கை அணைத்து, நெட்வொர்க் தேர்வைத் தானியங்கியிலிருந்து எடுத்து உங்கள் கம்பெனிக்கு மாற்றிவிடுங்கள்.

எல்லாம் வாங்கியதும் நேராகப் பெரிய பயணம் கிளம்பவேண்டாம். ராமநாதபுரத்திலிருந்து தேவிபட்டினம் சுமார் 15 கிலோமீட்டர். காலை 10 மணிக்கு மேல், வெயில் ஏறியபின் கிளம்பி, அங்கே கடலுக்குள் நவகிரகக் கற்கள் நிற்கும் நவபாஷாணக் கரையில் அரை மணி நின்று, திரும்பிவாருங்கள். கிளம்பும்போதும் திரும்பியதும் பேட்டரி சதவீதத்தைக் குறியுங்கள், ஹோல்டர் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று பாருங்கள், போர்ட்டில் உப்புப் படலம் இருக்கிறதா என்று பாருங்கள். கடையில் மாற்றிக் கேட்கும் நாள் முடிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள்.