விடை சொல்லுமுன் பிள்ளையைக் கேளுங்கள்: வீட்டிலே தொடங்கும் விஞ்ஞானம்

இலங்கைப் பாடசாலைகளில் விஞ்ஞானம் தனிப்பாடமாகத் தரம் 6 இலேயே தொடங்குகிறது. அதற்கு முந்திய தரங்களில் அது சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்னும் பாடத்தினுள் அடங்கியிருக்கிறது. ஆகவே ஆரம்ப வகுப்புப் பிள்ளையை மேல்வகுப்புப் புத்தகத்தை மனனம் செய்ய வைக்கத் தேவையில்லை. என்ன நடக்கும் என்று முதலில் ஊகித்துச் சொல்லவும், பிறகு செய்து பார்க்கவும் அப்பிள்ளைக்குப் பழக்கினால் போதும்.

மட்டக்களப்பு வீடுகளில் இதற்கு மிகப் பொருத்தமான பொருள் தயிர் என்பேன். பெரியவர் ஒருவர் பாலைக் காய்ச்சி, இளஞ்சூடாக ஆறவிட்டு, ஒரே மாதிரியான மூன்று கிண்ணங்களில் சம அளவாக ஊற்றட்டும். முதலாவதிலும் மூன்றாவதிலும் பிள்ளை ஒவ்வொரு தேக்கரண்டி தயிரைக் கலக்கட்டும். இரண்டாவதில் எதையும் சேர்க்க வேண்டாம். மூன்றாவதை உடனே குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டு, மற்ற இரண்டையும் மூடி அடுக்களையிலேயே வையுங்கள். மறுநாள் காலையில் எது உறைந்திருக்கும், ஏன் அப்படி நினைக்கிறது என்று பிள்ளையைக் கேட்டு, சொன்னதைச் சொன்னபடியே திகதியுடன் ஒரு கொப்பியில் எழுதுங்கள். எழுதத் தெரியாத பிள்ளை படம் வரையலாம். ஊகம் பிழைத்தாலும் அதை அழிக்கக் கூடாது, ஏனெனில் நினைத்ததையும் நடந்ததையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான் சிந்தனை வளர்கிறது.

காலையில் முதற்கிண்ணம் உறைந்திருக்கும். தயிரிலுள்ள பற்றீரியாக்கள் பாலின் சர்க்கரையை அமிலமாக மாற்றுவதால் பால் உறைகிறது என்பதையும், குளிரில் அவற்றின் வேலை மிகவும் மந்தமாகிவிடும் என்பதையும் பிள்ளை தன் காரணத்தைச் சொல்லி முடித்த பின்னரே விளக்குங்கள். இரவு முழுவதும் வெளியே இருந்த இரண்டாவது கிண்ணத்துப் பாலைக் குடிக்கக் கொடுக்க வேண்டாம். மண்சட்டியில் உறையவிட்டால் தயிர் ஏன் கெட்டியாகிறது என்று பிள்ளை கேட்டால், அதுவே அடுத்த சோதனை: பாலும் உறையும் இடமும் மாறாமல் பாத்திரம் மட்டும் மாற வேண்டும். ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்றுவது என்னும் இந்த ஒழுங்கைச் சிறு வயதிலேயே பழக்குவது, நூறு தகவல்களைச் சொல்லிக் கொடுப்பதிலும் பெறுமதியானது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முற்றத்தில் ஒரு தடியை நேராக நட்டு, காலை, நண்பகல், மாலை என நிழலின் நுனியைக் கல்லால் அடையாளமிடுவதும் நல்லது. ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் நண்பகலில் சூரியன் ஏறத்தாழ நம் தலைக்கு நேர் மேலே வருவதால் நிழல் மிகவும் குறுகிவிடும். யூன் மாத நண்பகலில் அது தெற்கே சாயும், டிசம்பரில் வடக்கே சாயும். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி கேட்ட பின் சிறிது நேரம் பேசாமல் காத்திருங்கள். பெரும்பாலான பெற்றோர் அவசரப்பட்டுத் தாமே விடையைச் சொல்லிவிடுகிறார்கள். உங்களுக்கு விடை தெரியாவிட்டால் அதை மறைக்காமல், எப்படிக் கண்டுபிடிக்கலாம் என்று பிள்ளையிடமே கேளுங்கள்.