அவசரப்பட்டுப் பெயர் வைக்காதீர்கள்: வீட்டைச் சுற்றிப் பறவையும் பாம்பும் பார்க்கும்போது நாம் செய்யும் தவறுகள்

போன ஐப்பசியில் ஒரு காலை. எதிர்வீட்டுப் பையன் செருப்புப் பெட்டி ஒன்றை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு ஓடி வந்தான். "மாமா, வெளிநாட்டுக் கிளி ஒண்ணு எங்க மொட்டை மாடியில விழுந்து கெடந்துச்சு. கூண்டு எங்க கெடைக்கும்?"

பெட்டிக்குள் பச்சை முதுகு, சந்தன நிற மார்பு, அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு, கண் வழியாக ஓடும் கறுப்புப் பட்டை, இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டிய குட்டை வால். ஆறுமணிக்குருவி. பக்கத்திலேயே பாலில் ஊறிய பிஸ்கட்.

அது கிளியும் இல்லை, வெளிநாடும் இல்லை. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் மழைக்காலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்கத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருகிற பறவை. விடியலிலும் அந்தியிலும் ஆறு மணி வாக்கில் கூவுவதால் நம் ஊரில் இந்தப் பெயர். இரவில் பயணம் செய்யும். ஊர் வெளிச்சத்தில் தடுமாறிக் கண்ணாடியிலும் சுவரிலும் மோதி விழும். ஒவ்வோர் ஆண்டும் இந்தப் பருவத்தில் யாராவது ஒருவர் வீட்டுப் பால்கனியிலோ குளியலறையிலோ இது கிடைக்கிறது. சருகைப் புரட்டிப் புழு பூச்சி தின்கிற குருவிக்குப் பாலும் பிஸ்கட்டும் ஆகாது.

மதுரைக்கு வெளியே கண்மாய்க் கரையிலும் என் வீட்டு மாடியிலும் நின்று பறவை பார்த்துப் பல வருஷம் ஆகிறது. நாம் செய்கிற தவறுகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் தொடங்குகின்றன: முழுதாகப் பார்ப்பதற்கு முன்பே பெயர் வைத்துவிடுகிறோம். பெயர் வைத்ததும் கை அடுத்த வேலையைச் செய்யப் போய்விடுகிறது. கிளி என்றால் கூண்டு. விரியன் என்றால் கம்பு. 'அனாதைக் குஞ்சு' என்றால் பால்.

கிளி என்று நினைத்தாலும் கூண்டைத் தேடக் கூடாது. நம் ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இது பலருக்கு இன்னும் தெரியவில்லை.

அந்தக் குருவிக்கு நாங்கள் செய்தது இவ்வளவுதான். பிஸ்கட்டை எடுத்துவிட்டு, பெட்டியில் நாலைந்து துளை போட்டு, மூடி, சத்தமில்லாத அறையில் இரண்டு மணி நேரம் வைத்தோம். அந்த நேரத்தில் பெட்டியைத் திறந்து திறந்து பார்க்காமல் இருப்பதுதான் கஷ்டம். பார்க்கிற ஒவ்வொரு முறையும் அது பயத்தில் துவளும். பிறகு புதர் அடர்ந்த பக்கத்து மனையில் பெட்டியைச் சாய்த்து வைத்தோம். தத்தித் தத்திப் போய்ச் சருகுக்குள் மறைந்துவிட்டது. இறக்கை தொங்கினாலோ ரத்தம் இருந்தாலோ வனத்துறைக்கோ கால்நடை மருத்துவருக்கோ சொல்ல வேண்டும்.

நிறத்தை மட்டும் பார்ப்பது

புதிதாகப் பார்க்க வருகிறவர்கள் போனில் கேட்கும் கேள்வி எப்போதும் நிறத்தில்தான் தொடங்கும். "கறுப்பா, நீளமா ஒரு குருவி, என்னது?" நிறம் வெயிலுக்கு வெயில் மாறும். ஊதாத் தேன்சிட்டு எதிர்வெயிலில் வெறும் கரிக்கட்டை, வெயில் மேலே பட்டால் ஊதாவும் நீலமுமாக மின்னும். வயலோரம் தவிட்டு நிறத்தில் கூனிக்கொண்டு நிற்கிற மடையானைப் பாருங்கள். விரட்டினால் வெள்ளை வெளேரென்று இறக்கை விரித்துப் பறக்கும். நின்றது ஒன்று, பறந்தது வேறொன்று என்று சத்தியம் செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மாட்டோடு திரியும் உண்ணிக்கொக்குக்கு இனப்பெருக்கக் காலத்தில் தலையும் கழுத்தும் ஆரஞ்சு நிறமாகிவிடும்.

ஆணும் பெண்ணும் வேறு வேறு நிறத்தில் இருப்பது இன்னொரு வலை. குயிலில் ஆண் முழுக் கறுப்பு, சிவந்த கண். பெண் பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளியும் வரியுமாக இருக்கும். பெண் குயிலைப் பார்த்து வல்லூறு என்று சொல்பவர்கள் உண்டு. வசந்தத்தில் நாம் கேட்கிற அந்த உச்சக் குரலும் ஆணுடையதுதான். நன்றாகப் பாடும் பெண்ணைக் குயில் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறோம். பெண் குயிலோ 'கிக் கிக் கிக்' என்று கத்திவிட்டுக் காக்கைக் கூடு தேடிப் போகும்.

நிறத்துக்கு முன்னால் பார்க்க வேண்டியவை நான்கு. உடல் அளவு: சிட்டுக்குருவியா, மைனாவா, காக்கையா, எதை ஒட்டி வருகிறது. அலகு. வால். என்ன செய்துகொண்டிருந்தது. இந்தக் கடைசிக் கேள்வி பாதிச் சிக்கலைத் தீர்த்துவிடும். கொண்டலாத்தியை மரங்கொத்தி என்று அழைக்காத ஊரே இல்லை. கொண்டை இருக்கிறது, நீண்ட அலகு இருக்கிறது, கொத்துகிறது, அப்புறம் என்ன என்கிறார்கள். எங்கே கொத்துகிறது? புல் தரையில் நடந்து நடந்து மண்ணுக்குள் அலகை விட்டுப் புழு எடுக்கிறது. மெல்லிய, வளைந்த அந்த அலகால் மரத்தைத் துளைக்க முடியாது. மரங்கொத்திக்கு உளி போன்ற நேரான அலகு. வாலை ஊன்றிக்கொண்டு அடிமரத்தில் செங்குத்தாக ஏறும்.

வானத்தில் வட்டமிடுகிற எல்லாவற்றையும் கழுகு என்பதும் இதே வகைதான். ஊர் மேல் பறப்பவை பெரும்பாலும் பருந்துகள். வால் நுனி கவை போல் உள்வாங்கி இருந்தால் கரும்பருந்து. வால் வட்டமாக, தலையும் மார்பும் வெள்ளையாக, மற்றது செங்கல் நிறமாக இருந்தால் செம்பருந்து. பெரியவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் கருடன் அதுதான். பிணந்தின்னிக் கழுகான பாறு, தமிழ்நாட்டில் இன்று முதுமலை, சத்தியமங்கலத்தை ஒட்டிய மோயாற்றுப் பள்ளத்தாக்குப் பகுதியில்தான் ஓரளவு மிஞ்சியிருக்கிறது. பருந்தைப் பார்த்து 'கழுகுக் கூட்டம்' என்று எழுதினால், கழுகுகள் நிறைய இருக்கின்றன என்றுதான் படிப்பவர் நினைப்பார்.

'வெளிநாட்டுப் பறவைகள் வந்துவிட்டன'

இந்தத் தலைப்பு ஒவ்வொரு மார்கழியிலும் வரும். ஆஸ்திரேலியா, சைபீரியா என்று பட்டியலும் வரும். படத்தைப் பார்த்தால் கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் நத்தைகுத்தி நாரையும் இருக்கும். மூன்றும் இந்த மண்ணின் பறவைகள். இரைக்கும் தண்ணீருக்கும் ஏற்ப மாவட்டம் விட்டு மாவட்டம், மாநிலம் விட்டு மாநிலம் போகும், அவ்வளவுதான்.

குழப்பத்தைத் தீர்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிறதா என்று பாருங்கள். வடக்கிலிருந்து குளிர்காலத்துக்கு வருகிற நீலச்சிறகி வாத்தும் உள்ளான் வகைகளும் இங்கே கூடு கட்டுவதில்லை. இரை தின்று, உடம்பைத் தேற்றிக்கொண்டு, பங்குனி சித்திரையில் கிளம்பிப் போய் வடக்கேதான் முட்டையிடும். வேடந்தாங்கலில் மரம் நிறையக் கூடு கட்டியிருப்பவை நம் நாட்டுப் பறவைகள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று தெரிந்ததால்தான், 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அந்த ஊரார் வேட்டையைத் தடுக்கச் சொல்லி செங்கல்பட்டு கலெக்டராக இருந்த லயனல் பிளேஸிடம் போனார்கள்.

இது சொல் விவகாரம் மட்டும் இல்லை. எங்கள் பக்கத்துக் கண்மாயில் நாட்டுக்கருவேல மரங்களை வெட்ட ஆள் வந்தபோது, "வெளிநாட்டுப் பறவைதானே சார், எப்படியும் திரும்பிப் போயிரும்" என்று சொன்னார்கள். மரத்தில் குஞ்சுகள் இருந்தன. அந்தப் பறவைகளுக்குத் திரும்பிப் போக வேறு நாடு கிடையாது.

பாம்பு

இங்கே தவறான பெயர் உயிரைக் கேட்கும். சில நேரம் பாம்பின் உயிர், சில நேரம் மனிதரின் உயிர்.

வீட்டுச் சுவரில் ஏறுகிற வெள்ளிக்கோல் வரையனைக் கட்டுவிரியன் என்று அடித்துப் போடுவது அன்றாடம் நடக்கிறது. அதற்கு விஷம் இல்லை. பல்லி தேடி வருகிறது. வரையனுக்குப் பட்டைகள் கழுத்தருகிலேயே தொடங்கி வால் பக்கம் மங்கும். கட்டுவிரியனுக்குத் தலையை விட்டுக் கொஞ்சம் தள்ளித் தொடங்கி வால் வரை தெளிவாக இருக்கும். இதைச் சொல்லும்போதே ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: பட்டையை எண்ணக் கிட்டே போகாதீர்கள். உருவத்தில் மாறுபடும் பாம்புகள் உண்டு, பழகியவர்களே ஏமாந்திருக்கிறார்கள். எந்தப் பாம்பானாலும் தள்ளி நின்று கண் வைத்துக்கொண்டு, தீயணைப்புத் துறைக்கோ வனத்துறைக்கோ போன் போடுங்கள்.

கடித்துவிட்டால் பாம்பைத் தேடி அடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் பழக்கம் இன்னும் இருக்கிறது. தேவையே இல்லை. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான் நம் நாட்டில் கொடுக்கப்படுகிறது. சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் விஷத்திலிருந்து அது தயாராகிறது. பாம்பைத் தேடுகிற அரை மணி நேரத்தில் 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனையில் இருக்கலாம். கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள். கட்டுவிரியன் கடி பெரும்பாலும் இரவில், தரையில் படுத்திருப்பவர்களுக்கு நடக்கும். வலியே தெரியாமலும் போகலாம். விடியற்காலையில் வயிற்று வலி, இமை சரிவது என்று தொடங்கினால் 'வாயு' என்று பெயர் வைத்துக் காத்திருக்கக் கூடாது.

சாரையும் நல்லபாம்பும் பின்னிப் பிணைகின்றன என்று ஊரே கூடி வேட்டியை எறிவது உண்டு. அங்கே நடப்பது இரண்டு ஆண் சாரைகளின் மல்யுத்தம். பச்சைப்பாம்பு கண்ணைக் கொத்தாது. அரணை கடித்தால் மரணம் என்பதும் பொய், அதற்கு விஷமே கிடையாது.

குஞ்சைக் 'காப்பாற்றுவது'

சித்திரை வைகாசியில் வருகிற போன்களில் பாதி இதுதான். இறகு முளைத்து, தரையில் தத்திக்கொண்டிருக்கும் மைனாக் குஞ்சையோ தவிட்டுக்குருவிக் குஞ்சையோ எடுத்து வந்துவிடுகிறார்கள். அது கூட்டை விட்டுப் பறக்கப் பழகும் பருவம். தாய் பக்கத்து மரத்தில் அலகில் புழுவோடு, நீங்கள் நகர்வதற்காகக் காத்திருக்கும். பூனை, நாய் பயம் இருந்தால் தாழ்ந்த கிளையில் ஏற்றி வைத்துவிட்டு விலகி நில்லுங்கள். இறகே முளைக்காத குஞ்சு என்றால் கூட்டைத் தேடி அதில் வைக்கலாம். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது உண்மை இல்லை. வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். பறவையின் மூச்சுத் துவாரம் நாக்குக்குப் பின்னாலேயே இருக்கிறது, தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போய்விடும்.

இதய வடிவ வெள்ளை முகத்தோடு பாழ்கட்டிடத்தில் நிற்கும் கூகைக் குஞ்சுகளை 'அதிசயப் பறவை' என்று தூக்கி வருவதும் நடக்கிறது. ஊர் முழுக்க எலி பிடிக்கிற, நம்மோடு காலங்காலமாக வாழ்கிற பறவை. இருந்த இடத்திலேயே விட வேண்டும்.

படம், செயலி

கூட்டின் முன்னால் இருக்கும் இலைகளை ஒதுக்கிப் படம் எடுப்பது எனக்குக் கோபம் வரவைக்கும் காரியம். இலை விலகிய கூட்டில் வெயில் இறங்கும், காக்கை இறங்கும். வெட்ட வெளியில் முட்டையிடும் ஆள்காட்டிக் குருவி உங்கள் தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றினால், காலடியில் எங்கோ முட்டை இருக்கிறது என்று அர்த்தம். வந்த வழியே திரும்புங்கள். போனில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதும் வேண்டாம். எதிரி வந்துவிட்டதென்று அது இரையையும் குஞ்சையும் விட்டுவிட்டு அலையும்.

குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் மெர்லின் போன்ற செயலிகள் நல்ல துணை. ஆனால் திரையில் தெரிந்த பெயரைக் கண்ணால் பார்க்காமல் எழுதிவிடாதீர்கள். கரிச்சான் வல்லூறின் குரலில் கத்தும். கொய்யா மரத்து அணிலின் விடாத கீச்சொலியைப் பறவை என்று மணிக்கணக்கில் தேடியவர்கள் உண்டு.

காக்கைதானே என்று விடுவது

அரிய பறவையை மட்டும் குறித்து வைப்பதும் ஒரு தவறு. மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் பனங்காடையை யாரும் அரிது என்று நினைத்ததில்லை. சுமார் 30,000 பேர் பதிவு செய்த 3 கோடிக் குறிப்புகளை வைத்து 2023-இல் வெளிவந்த 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை, அது 12 ஆண்டுகளில் 30 விழுக்காட்டுக்கு மேல் குறைந்துவிட்டதாகச் சொன்னது. அதே முயற்சியின் 2020 அறிக்கை, செல்போன் கோபுரத்தால் அழிந்தேவிட்டது என்று நாம் பேசிவந்த சிட்டுக்குருவி பெருநகரங்களில் குறைந்தாலும், நாடு முழுக்கப் பார்த்தால் ஏறக்குறைய நிலையாகவே இருக்கிறது என்று காட்டியது. இரண்டையும் சொல்ல முடிந்தது, சாதாரணப் பறவையையும் எண்ணி எழுதியவர்களால்தான்.

பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. மாடியில் பதினைந்து நிமிடம் நின்று, கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணி, பறவைப் பதிவுகளைச் சேர்த்து வைக்கும் இ-பேர்டு இணையதளத்தில் ஏற்றினால் போதும். தெரியாததைத் தெரியாதது என்றே பதியவும் அதில் இடம் உண்டு. சென்ற பொங்கலன்று காலை என் பட்டியல்: காகம் 14, மைனா 6, பனங்காடை 1, கரிச்சான் 2, தவிட்டுக்குருவி 7, தென்னைக்குப் பின்னால் வேகமாகப் போன, பெயர் வைக்க முடியாத பருந்து வகை 1.